கனகலிங்கத்தின் புள்ளடி

பழுது என்று சந்தேகப்பட்ட சாமானைக் கழற்றியதும் கனகலிங்கம் முதலில் தேடுவது வெண்கட்டியை. அதன்மேல் பெருக்கல் குறி மாதிரிப் பெரிதாக ஒரு புள்ளடி போட்டு மேசைக்குக் கீழே தள்ளிவிடுவார். "புள்ளடி போட்ட சாமானைத் திருப்பிப் பூட்டக்கூடாது. பூட்டினா நடுறோட்டில நிக்கவேணும்" என்பார். ஸ்கந்தபுரத்தில் உழவு இயந்திரத்தைத் திருத்த அவரிடம் கொண்டுவரும் எல்லாருக்கும் இந்தச் சட்டம் தெரியும்.

இப்போது மேசைக்குக் கீழே கிடப்பவை அவருடைய சொந்தக் காரின் சாமான்கள். ஒரு மாஸ்டர் சிலிண்டர், இரண்டு பெயரிங், ஒரு கிளச் பிளேட். பழைய மொறிஸ் மைனர் உடம்புக்குள் வான் இஞ்சினை இறக்கி, ஐந்து வருடமாக அவரே கட்டிய கார் அது. வேகத்துக்கு ஈடுகொடுக்கட்டும் என்று போன மாதம் கிளச்சுக்கு இறுக்கமான ஸ்பிரிங் போட்டார். அன்று பிடித்தது சனியன். எவ்வளவு மிதித்தாலும் கிளச் முழுதாக விடுபடுவதில்லை. கியர் கரகரவென்று கத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டப் போட்டி. ஓட்டுகிறவர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐம்பது வயதுக்குள் மனிதன் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான், பாவம்.

கியர் பொக்ஸை மூன்று தரம் இறக்கியாயிற்று. முதுகு விட்டுப்போயிற்று. கடைசிச் சண்டையில் மாத்தளனில் போன இடது காலுக்குப் பதிலாகப் பூட்டியிருக்கும் செயற்கைக் காலோடு காருக்கு அடியில் போய் வருவது லேசுப்பட்ட வேலையா? அதைப் பற்றி யாரும் கதைத்தால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "கால் தன்ர வேலையைச் செய்யுது" என்று முடித்துவிடுவார்.

கிளச் எண்ணெய்க் குழாயில் அடைபட்ட காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். அவர் கீழே படுப்பார்; மனைவி கமலாசனி உலையை வைத்துவிட்டு வந்து மிதிப்பார். "அமத்தும். பிடியும். விடும்." வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலாம் தரமும் காற்றெடுத்த பிறகு, கமலாசனி இறங்காமல் இஞ்சினை இயக்கிக் கிளச்சை மிதித்துக் கியரைப் போட்டார். சத்தமில்லாமல் விழுந்தது. கனகலிங்கம் ஏறி மிதித்தார். கத்தியது.

"இஞ்சருங்கோ, நான் மிதிச்சா விழுது. நீங்கள் மிதிச்சாத்தான் கத்துது" என்றார் கமலாசனி, அலுத்துப்போன குரலில். "கிளச்சில ஒண்டுமில்லை."

கனகலிங்கம் காரிலிருந்து இறங்கினார். மர வாங்கில் அமர்ந்து செயற்கைக் காலைக் கழற்றினார். பாதத்தின் முன்பக்கத்தைப் பெருவிரல்களால் அமத்தினார். ரப்பர் தோசை மாதிரி மடங்கியது. உள்ளே இருக்கும் கட்டை எப்போதோ வெடித்திருக்கிறது. மிதிக்கிற மிதியில் கடைசி ஓர் அங்குலத்தை அதுதான் தின்றுகொண்டிருந்தது. பழைய ஸ்பிரிங் இளக்கமானது, அதனால் இத்தனை நாள் தெரியவில்லை.

"புதுக்கால் எப்பவாம்?" என்று கேட்டார் கமலாசனி.

"ஆவணியில."

ஆவணிக்கு இன்னும் மூன்று மாதம். கனகலிங்கத்துக்குக் கோபம் வரவில்லை, களைப்புத்தான் வந்தது.

வெண்கட்டியை எடுத்து, பாதத்தின்மேல் வழக்கம்போலப் பெரிதாக ஒரு புள்ளடி போட்டார். கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலைத் திரும்பப் பூட்டி, வாரை இறுக்கினார்.