காஸ் மீற்றரும் நான் திறக்காத கதவும்

ஸ்காபரோவில் மகன் வீடு வாங்கிய பிறகு வந்த முதல் பனிக்காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீட்டைச் சூடாக்கும் காஸுக்கு மாதம் தொண்ணூறு டொலர், வெயில் என்றாலும் பனி என்றாலும் ஒரே தொகை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும் என்றான் மகன். எனக்கு அது பிடிக்கவில்லை. என் கையால் எண்ணிக் கொடுக்காமல் என் வீட்டிலிருந்து காசு போனதே கிடையாது.

"ஆர் எடுக்கிறது?"

"காஸ் கொம்பனி, அம்மா."

"கேக்காமலோ?"

"நான்தானே கையெழுத்து வைச்சுக் குடுத்தனான்."

கையெழுத்து வைத்தவன் அவன். கவனித்துக்கொள்ளப் போகிறவள் நான் என்று அன்றே முடிவெடுத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இங்கிலிஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. இலக்கம் தெரியும். நிலத்தடித் தளமான பேஸ்மென்டில் என் அறைக்கு எதிரே சுவரில் மீற்றர் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் தலை முழுகி வந்ததும் அதன் நாலு இலக்கங்களையும் பார்த்து, பலசரக்குக் கடையில் தந்த தமிழ்க் கலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் எழுதிவைப்பேன்.

இன்னொன்றும் செய்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் சுவரிலுள்ள சூட்டுத் திருகியைப் பதினைந்து பாகைக்கு இறக்கிவிட்டு, மகனின் பழைய பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு சமைப்பேன். அவர்கள் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே திரும்ப ஏற்றிவிடுவேன். ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லிக் காட்டவா செய்வது?

மாசி மாதம் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் காஸ் கூட எரிக்கிறோமாம், இனி மாதம் நூற்று நாற்பது டொலர் எடுப்பார்களாம். வீட்டுக்கடனும் அதே கணக்கிலிருந்துதான் போகிறது. மகன் தலையில் கை வைத்தான். அன்று மாலை மேலே அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. சூடு வருகிற குழாய் வழியே பேச்சும் வரும்.

"பகல் முழுக்க மாமி தனியத்தானே. குளிருது எண்டு கூட்டி வைப்பா. ஒண்டும் சொல்லாதேங்கோ, பாவம்," என்றாள் மருமகள்.

அந்தப் 'பாவம்' என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கலண்டரைக் கழற்றிக்கொண்டு படியேறினேன்.

"மோனை, உந்தக் கடுதாசியிலை மீற்றருக்கு என்ன இலக்கம் போட்டிருக்கு?"

"நாலாயிரத்து முந்நூற்றுப் பன்ரெண்டு. போன மாசக் கணக்கு."

"கலண்டரைப் பார். போன மாசக் கடைசி வெள்ளியும் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்தான். இண்டைக்கும் நாலாயிரத்தைத் தொடேல்லை. நம்பாட்டிக் கீழை போய்ப் பார்."

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "இஞ்சரப்பா, அம்மா சொல்லுறது சரி!" என்றான் மனைவியிடம்.

மறுநாள் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தான். அவர்கள் மீற்றரைப் பார்க்கவே இல்லையாம். முன்பு இருந்த குடும்பம் எரித்த அளவை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்டிருக்கிறார்கள். மீற்றர் பார்க்கிற ஆள் இரண்டு தரம் வந்தும் ஒருவரும் கதவு திறக்கவில்லையாம். மகன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

வந்தது உண்மை. சீருடை, கையில் பெரிய ரோச் லைட். நான் திரைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றேன். ஊரில் சண்டைக் காலத்தில் சீருடைக்காரன் தட்டினால் திறக்காமலிருந்து பிழைத்து வந்தவர்கள் நாங்கள். அவன் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போன மட்டைகளைப் பீட்சாக் கடை விளம்பரம் என்று எண்ணி அலுமாரித் தட்டில் விரித்திருந்தேன். அவற்றை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். கொம்பனி ஆள் வந்து போன அறிவித்தல் அது என்று மகன் வாசித்தான்.

"நான்தான் திறக்கேல்லை," என்றேன்.

"அப்ப பிழை உங்களிலைதான், மாமி," என்று மருமகள் சிரித்தாள்.

"கதவு திறக்காதது நான். காஸை எரிச்சது நானில்லை."

அப்போதுதான் கோட்டுக் கதையையும் சொல்ல வேண்டி வந்தது. மருமகள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அடுத்த கிழமை அந்த ஆள் வந்தான். கதவைத் திறந்தேன். சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் கையால் காட்டினேன். கழற்றினான். மீற்றருக்கு வெளிச்சம் அடித்துப் பார்த்தான். நான் கலண்டரை நீட்டினேன். அதையும் பார்த்துவிட்டு, பெருவிரலை உயர்த்திக் காட்டினான்.

அடுத்து வந்த பில்லில் நூற்றிருபது டொலர் எங்கள் பக்கம் மிச்சம் நின்றது. மாதத் தொகையும் எண்பத்தைந்துக்கு இறங்கியது. அந்த மிச்சத்தைக் காசோலையாக வாங்கலாமா என்று மகன் என்னிடம்தான் கேட்டான்.

"உது அங்கையே கிடக்கட்டும். அடுத்த பனிக்கு உதவும்," என்றேன். அப்படியே விட்டான்.

மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்ட மருமகள் சூட்டுத் திருகியை இருபத்தொன்றில் வைத்து, அது அசையாதபடி மேலே செலோரேப் ஒட்டினாள். "இதை இறக்கினீங்களெண்டால் நான் வேலைக்குப் போகமாட்டன், மாமி."

"ஓம் பிள்ளை," என்றேன்.

அவளுடைய பஸ் போகும்வரை ஜன்னலில் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு செலோரேப்பைக் கிழியாமல் உரித்து, பத்தொன்பதில் வைத்தேன். கோட்டை மட்டும் போடாமல் ஆணியிலேயே விட்டேன்.