முப்பத்தேழாவது தலை

2025 ஜனவரி 18, சனிக்கிழமை. இரவு 9.10.

முதலில் என் தவறு. போன வாரப் பயிற்சித் தாளில் ஒரு வாத்து குறைந்ததற்குக் காரணம் நான்தான். எங்கள் வீட்டில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்போம். அடுத்தது ரெண்டு. அந்தப் பழக்கத்தில் ஏரிக்கரையிலும் ‘லாபம்’ என்று தொடங்கினேன். உடனே பதறி, அடுத்த வாத்தை ‘ஒண்ணு’ என்றுவிட்டேன். அதனால் என் கணக்கை யாராவது நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன். நானே எதையும் இரண்டு முறை சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். ஆனால் இன்று காலை நடந்ததில் சந்தேகமே இல்லை. நேரங்கள் எல்லாம் கைக்கடிகாரத்தில் பார்த்தவை.

கும்பகோணத்தில் பறவைக் கணக்கெடுப்பு மாலை வகுப்பில் படிக்கிறேன். கடைசித் தேர்வு இதுதான்: வலங்கைமான் பக்கத்து ஏரி ஒன்றில், அடுத்தடுத்து இரண்டு காலை, இருவர் சேர்ந்து வரித்தலை வாத்துகளை எண்ண வேண்டும். ஒரு காலை தவறினாலும் சான்றிதழ் கிடையாது. என் கூட்டாளி ஆசியா, பறவைக் காவலர் வேலை கிடைக்கும் என்று நம்பி ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டாள்.

இந்த வாத்துகள் நம் ஊர்ப் பறவைகள் அல்ல. இமயமலைக்கு அப்பால், மரமே முளைக்காத உயரத்தில் இருக்கும் ஏரிகளில் குஞ்சு பொரிப்பவை. மனிதனுக்கு மூச்சு முட்டும் உயரத்தில் மலையைத் தாண்டி, குளிர்காலத்தில் நம் வயலோரம் வந்து இறங்குகின்றன. வெள்ளைத் தலை. அதன் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டைகள்.

6.20. நான் கீழ்க்கரையில். ஆசியா மேல்கரையில். நடுவே முந்நூறு மீட்டர் தண்ணீர், அதன்மேல் பனி. ஏரி நடுவே இருந்த மண் திட்டில் வாத்துகள் தலையை இறகுக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. பனி விலகட்டும் என்று காத்திருந்தேன்.

6.27.

“லாபம்...”

களத்தில் இழுத்துச் சொல்வார்களே, அதே இழுப்பு. ஆசியா என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். சிரிப்புகூட வந்தது.

திட்டில் ஒரு வாத்து தலையைத் தூக்கியது. ஒன்றே ஒன்று.

“ரெண்டு...”

இன்னொரு தலை.

“மூணு...”

இன்னொன்று. எண்ணுக்கு ஒரு தலை. தூக்கிய தலை எதுவும் இறங்கவில்லை. ஒரு வாத்துகூடக் கத்தவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

6.33. “முப்பத்தாறு...”

எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருந்தன. தூங்கும் வாத்து ஒன்றுகூட மிச்சமில்லை.

எல்லாம் என் பக்கம் திரும்பியிருந்தன.

குரல் நிற்கவில்லை.

“முப்பத்தேழு.”

என் காதருகில்...

காதுமடல் விறைத்தது. எந்தத் தை மாதத்திலும் நம் ஊர் அப்படிக் குளிர்ந்ததில்லை.

திரும்பினேன்.

யாருமில்லை.

போன் அடித்தது. ஆசியா.

“ஏண்டி, இன்னிக்கும் லாபமா? மேடம் காதுல விழுந்தா, ஏரியிலயே தள்ளிவிட்டுடுவாங்க.”

“நான் வாயே தெறக்கலடி. நீதானே கத்துனே?”



“வெளையாடாதடி. உனக்கு எத்தனை?”

“முப்பத்தாறு.”

“எனக்கும் அதான். அப்ப அந்த முப்பத்தேழு? அதை மட்டும்... என் காதுக்குள்ள வந்து சொன்ன மாதிரி இருந்துச்சே.”

தாளை எடுத்தேன். கை தானாக 37 என்று எழுதியது. அடித்துவிட்டு 36 என்று எழுதினேன்.

மாலை 6.30. வகுப்பு. அடித்து எழுதியிருந்ததைப் பார்த்த நஃபீசா மேடம் திட்டவில்லை. எழுந்து போய், போன வருடத்துக் கோப்பைக் கொண்டுவந்தார்.

“இதே மாதிரி ஒண்ணு பாத்த ஞாபகம்.”

அதே ஏரி. அதே கீழ்க்கரை. அன்பரசன் என்று கையெழுத்து. முதல் நாள்: 42 என்று எழுதி, அடித்து, 41.

இரண்டாம் நாள் தாளைத் திருப்பினேன். 42. அடித்தல் இல்லை. கூட்டாளியின் கையெழுத்து மட்டும் இருந்தது.

“அன்பரசன் ரெண்டாம் நாள் வரலைங்களா மேடம்?”

“வரல. கோர்ஸ விட்டுட்டான்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, மொத நாள் எண்ணி முடிச்சவன் வீட்டுக்கே போய்ச் சேரலன்னு. இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க.”

ஆசியாவும் என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த இரண்டு தாள்களையும் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் அவளிடம், நாளை போக வேண்டாம் என்றேன்.

“சான்றிதழை யாரு தருவா, அந்த வாத்தா? நீ வராட்டி நான் தனியா போறேன். எனக்கு வேற வழி இல்லடி.”

8.50க்கு அவளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். வீட்டில்தான் இருக்கிறாள். நானும் வீட்டில்தான் இருக்கிறேன்.

நாளை: காலை 6.15, இரண்டாம் எண்ணிக்கை. இருவரும் ஒரே கரையில் நிற்க வேண்டும். கையை விடக்கூடாது. நாங்கள் இருவரும் இருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வாத்துகள்.