கல்முனைப் பூங்காவில் உயர்ந்த கை

கல்முனையில் பஸ் நிற்கிறது. மூன்று வயது மகளுக்கு ஒன்றுக்கு அவசரம். இறங்குவது சரியா என்று யோசித்துக்கொண்டே எதிரிலுள்ள பூங்காவுக்குள் ஓடுகிறேன். அங்கே மணிக்கூட்டுக் கோபுரம் கட்டுவதா என்று கூட்டம் நடக்கிறது. நாலு பக்கமும் மணிக்கூடு வைத்தாலும் முன்பக்கம் எந்த வீதிக்கு என்று சண்டை.

பின்வரிசையில் இருக்கும் அண்ணன் வயதுக்காரரிடம் கேட்கிறேன். "காக்கா, இங்க டொய்லட் எங்க?"

"இங்க இல்ல தங்கச்சி. கோபுரம் வந்தா மேல ஏறித் தேடலாம். மேடையில கேளுங்க, கைய உசத்தினாத்தான் கதைக்க விடுவாங்க."

கையை உயர்த்துகிறேன்.

தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாருங்க, புள்ளயோட வந்த உம்மாவும் கோபுரத்துக்கு ஆதரவு!"

கைதட்டுகிறார்கள். மறுத்தால் மரியாதையாக இருக்குமா என்று தயங்குகிறேன். மகள் தயங்கவில்லை. கோபுரத்துக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தின் நடுவில் குந்திவிட்டாள்.