வெளியே சொல்வதற்கென்று ஒரு வேலை

சரிபார்த்த செய்திகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன். மருத்துவமனைத் தாள்களில் இருப்பவை, நானே கண்டவை, என்னிடம் நேரில் சொல்லப்பட்டவை ஆகியன தவிர வேறெதையும் சேர்க்கவில்லை. ஒருமுறை, சரியில்லாத ஒரு விவரத்தை ஒரு தாளில் என் கையால் எழுதினேன். மீண்டும் அப்படி எழுத எனக்கு மனமில்லை. மூச்சுத் திணறும் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவிருப்பவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். புனேயை அடுத்த போசரியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தார். அதற்கு அருகே தாபோடியில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. நோய் முதலில் தென்பட்டது அந்த மாடிப்படியில்தான். முதல் திருப்பத்தில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிவார். வாரில் ஒரு குறையும் இருந்ததில்லை. மூச்சு வாங்குவதை மறைக்கவே குனிகிறார் என்பது எனக்கு விளங்கச் சில வாரங்கள் ஆயின.

பிறகு வறட்டு இருமல் வந்தது. உடல் இளைத்தது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேஸ் பேப்பர் (நோயாளியின் விவரங்களைக் குறிக்கும் தாள்) எடுக்க நான்தான் வரிசையில் நின்றேன். 'தொழில்' என்ற இடத்தில் 'சூப்பர்வைசர், அலுவலகம்' என்று நிரப்பினேன். அதற்காக ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

திருமணத்திற்குமுன் அவருடைய ஜாதகத்தோடு வந்த குறிப்பிலேயே அப்படித்தான் இருந்தது. புனேயில் எங்களுக்குப் பழக்கமான தமிழ்க் குடும்பத்தார் வங்கியிலோ படைத்துறை அலுவலகங்களிலோ கணினி நிறுவனங்களிலோ இருப்பவர்கள். பொங்கல் விழாவில் சந்தித்தால் பெயருக்கு அடுத்த கேள்வி வேலையைப் பற்றியதாகவே இருக்கும். அங்கே என் கணவர் சூப்பர்வைசர். தேய்த்த சட்டையோடு வீட்டிலிருந்து புறப்படுவார். தொழிற்சாலையில் உடை மாற்றிக்கொள்வார். மாலையில் அங்கேயே குளித்துவிட்டு அதே சட்டையில் திரும்புவார். அவருடைய வேலை உடுப்பை நான் ஒருநாளும் துவைத்ததில்லை.

அவர் செய்தது ஃபெட்லிங் (வார்த்தெடுத்த இரும்பில் ஒட்டியிருக்கும் மணலையும் பிசிறையும் கைக் கிரைண்டரால் தேய்த்து நீக்கும் வேலை). திருமணமான சில மாதங்களில் எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தபின் நானும் சூப்பர்வைசர் என்றே சொல்லத் தொடங்கினேன்.

எக்ஸ்ரே படத்தில் இரு நுரையீரல்களின் மேற்பகுதியிலும் புள்ளிகள் இருந்தன. சளியில் காசநோய்க் கிருமி தென்படவில்லை. கிருமி தென்படாத காசநோயும் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். ஆறு மாதங்களுக்கு மாத்திரை தொடங்கியது. வேலையைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குரிய இடத்தில் என் பதில் ஏற்கெனவே இருந்தது.

காசநோய் என்பதையும் மறைத்தோம். அக்கம்பக்கத்தில் நெஞ்சுச்சளி என்றோம். அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்தேன். மூன்றாம் வாரம், வேலைக்குப் போகலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். தாளைப் பார்த்தார். அலுவலக வேலைதானே, தாராளமாகப் போகட்டும் என்றார். மறுநாள் டிபன் கட்டிக் கொடுத்தேன்.

ஆறு மாதங்கள் மாத்திரை விழுங்கியும் மூச்சு தேறவில்லை. மாறாக, பேச்சின் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. நகரத்துக்குள் இருக்கும் பெரிய மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுக்கு அனுப்பினார்கள். எங்கள் மகள் கயல் கல்லூரிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்தாள்.

அங்கே பார்த்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். சி.டி. ஸ்கேன் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, என்ன வேலை என்று இந்தியில் கேட்டார். பேசினால் இவருக்கு இருமல் வரும் என்பதால் நானே பதில் சொன்னேன். சொன்னது பழைய பதில்தான்.

மருத்துவர் இவருடைய வலக்கையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். விரல்களிலும் மணிக்கட்டிலும் தீப்பொறி பட்ட சிறு கரும்புள்ளிகள் இருந்தன. உள்ளங்கை காய்த்திருந்தது.

"யே ஆஃபீஸ் கா ஹாத் ஹை?" என்றார். அலுவலகத்தில் இருப்பவரின் கையா இது என்று கேட்டார். குரலில் ஏளனம் இல்லை.

என் கணவர் என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு இருமலுக்கு இடையிடையே, உள்ளதை இந்தியில் சொன்னார். முகத்திற்கு என்ன அணிவீர்கள் என்று கேட்டதற்கு, ஈரக் கைக்குட்டை என்றார். இந்த ஆறு மாதங்களும் வேலைக்குப் போனீர்களா என்று கேட்டதற்கு, ஆம் என்றார்.

சிலிகோசிஸ் (மணல்தூள் மூச்சோடு உட்சென்று தங்கி, நுரையீரலைத் தழும்பாக்கும் நோய்) என்று மருத்துவர் எழுதினார். ஏறிய தழும்பு ஆறாது, இனித் தூசியே படக்கூடாது, அதுதான் முதல் மருத்துவம் என்றார். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது என்பதையும் சொன்னார்.

வெளியே நடைவழி பெஞ்சில் நான் அழுதேன். கயல், தனக்கு வரும் தமிழில், "ஸ்கூல் ஃபார்ம்லலாம் நானும் அதேதான்மா எழுதினேன். சோடோ நா, விடும்மா, அழாத" என்றாள்.

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார். "நீ பொய் ஒண்ணும் சொல்லலீ. வெளிய சொல்றதுக்குன்னு ஒரு வேலை வெச்சிருந்தோம். அதச் சொல்லிப்போட்டே." சிறிது பொறுத்து, "பதினெட்டு வருசங்கழிச்சு, சூப்பர்வைசர் வேலையில இருந்து டாக்டரம்மாதான் என்னைய எறக்கி உட்டாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரமாயிற்று.

அவர் செய்த வேலைக்குப் பணியிடத்திலிருந்து ஒரு சான்று வேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டார்கள். இவரை வேலைக்கு அமர்த்திய ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இவர் 'உதவியாள்' என்று இருந்தது. கிரைண்டரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே மருத்துவ அறிக்கையில், 'நோயாளி கூறியபடி' என்ற குறிப்போடுதான் அவருடைய வேலை இடம்பெற்றிருக்கிறது. தொழிற்சாலையின் எந்தத் தாளிலும் அவர் அந்த வேலையைச் செய்யவில்லை. செய்ததற்கு அவருடைய கையும் நுரையீரலுமே சான்று.

இப்போது மாடியின் முதல் திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறோம். முப்பத்தெட்டுப் படிகளை ஏற அவருக்குப் பதினொரு நிமிடங்கள் ஆகின்றன. பின்னால் ஏறும் நானும் அதே அளவில் காலெடுத்து வைக்கிறேன். தனியாகக் காய்கறி வாங்கப் போகும்போதும் திருப்பத்தில் என் கால்கள் தாமாக நின்றுவிடுகின்றன.

தொற்றாது என்று தெரிந்த அன்றே அவருடைய தம்ளரை மற்றவற்றோடு அடுக்கினேன். மறுநாள் அவர் அதைத் தேடி எடுத்து, தனியே வைத்துக்கொண்டார். பழகிவிட்டது என்றார்.

மருத்துவமனைத் தாளை நிரப்பப் போகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். தொழில் என்ற இடத்தில் பதவிப் பெயர் வேண்டாம். நாள் முழுவதும் கை என்ன செய்கிறது, மூச்சோடு என்ன உள்ளே போகிறது என்பதை எழுதுங்கள்.

எனக்குத் தெரியாதவை உள்ளன. அவருக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் என்பது தெரியாது. முதல் நாளே உண்மையை எழுதியிருந்தால் முதல் மருத்துவர் வேறுவிதமாக எண்ணியிருப்பாரா என்பது தெரியாது. நான் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பிய அந்த மாதங்களில் உட்சென்ற தூசி எவ்வளவு என்று பெண் மருத்துவரிடம் கேட்டேன். முன்னர்ச் சென்றதையும் அப்போது சென்றதையும் பிரித்தறிய வழியில்லை என்றார்.