உடுப்பு துவைத்த கை

என் வீட்டுக்காரர் வேலை பார்த்தது அரியலூர் பக்கம் ஒரு சின்ன ரசாயனக் கம்பெனியில். மூட்டை பிடிக்கும் பிரிவு. வெள்ளைத் தூள் பறக்கும். அவருக்குக் கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் கம்பெனியே கொடுத்தது. தூள் படிந்த காக்கி உடுப்பு மட்டும் என்னிடம் வந்தது. குழாயடிக் கல்லில் போட்டு வருசக்கணக்காக வெறுங்கையால் கசக்கினேன்.

முதலில் உள்ளங்கை உரிந்தது. மட்டமான சோப்பு என்று கடைக்காரரைத் திட்டினேன், பாவம். பிறகு விரல்கள் மரத்தன. கையின் மேல் படுத்துத் தூங்கி எழுந்தால் இருக்குமே, அந்த மரமரப்பு. இது போகவே இல்லை. விக்கிரமங்கலத்திலிருந்து அம்மா காய்ச்சிக் கொடுத்த எண்ணெயும் ஏறவில்லை. பூக் கட்டினால் நார் நழுவும். தொலையட்டும், பூ வைக்காமல் இருந்துவிடலாம். பையன் நெற்றியைத் தொட்டால் காய்ச்சலா இல்லையா என்று தெரியவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. ஒரு நாள் அப்படியே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டேன். வாத்தியார் சைக்கிளில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ஒடம்பு அனலாக் கொதிக்குதும்மா. தொட்டுப் பாக்காமயா அனுப்புனீங்க?"

தொட்டுப் பார்த்துத்தான் அனுப்பினேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? அழுதிருக்கலாம். வரவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு போய் ஒட்டிக்கொண்ட சமயம். கம்பெனியில் சலவை மெஷின் வாங்கினார்கள். இனிமேல் வேலை உடுப்பு கேட்டைத் தாண்டக் கூடாதாம். எனக்கு வந்ததே கோபம்!

"எந் தொவைப்புல என்ன நொட்டை கண்டாங்களாம்?"

"அட கிறுக்கி, அந்தத் தூளு வூட்டுக்கு வந்தா புள்ளைவளுக்கு ஆவாதாம். மீட்டிங்குல சொன்னாங்க."

சொல்லிவிட்டு அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார்.

"எனக்குப் பேச வராது. கம்பெனியில குடும்ப விழா வருது. நீயே சார்கிட்ட சொல்லு" என்றார்.

விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். அதிகாரி மைக்கில் சொன்னார்: "சலவை மெஷின் வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் எங்களக் கேக்கல. நாங்களா செய்யிறோம். உங்க வீட்டுப் புள்ளைங்களும் எங்க பொறுப்புதான்." எல்லாரும் கைதட்டினோம். நான் தட்டியது என் காதில் கேட்டது, கையில் உறைக்கவில்லை.

கொதிக்கக் கொதிக்க டீ வந்தது. மற்ற பெண்கள் எவர்சில்வர் டம்ளரை முந்தானையால் பிடித்தார்கள். நான் வெறும் கையில் பிடித்துக் குடித்தேன். "ஏன்க்கா, கையாலயே தீ மிதிப்பீங்க போலருக்கே!" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அந்தப் பக்கம் வந்த அதிகாரி நின்றார்.

"சுடலையாம்மா?"

"இல்ல சார். ரொம்ப நாளா எதுவுமே சுடல. உடுப்பு தொவைச்ச கைங்க."

அவர் சிரிப்பு அடங்கிப்போயிற்று. கெட்ட மனிதர் இல்லை. டம்ளரை என் கையிலிருந்து அவரே வாங்கிக் கீழே வைத்தார். "நாளைக்கே நம்ம டாக்டரப் பாக்க ஏற்பாடு பண்றேன்" என்றார். எனக்கு உசிர் வந்தது மாதிரி இருந்தது.

மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஆள் வரும், ஜீப் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள்தான் போயின. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார்.

"டாக்டரு பாத்தாச்சு."

"யார?"

"என்னயத்தான். கைய நீட்டச் சொன்னாரு, மடக்கச் சொன்னாரு, ஊசியால குத்திப் பாத்தாரு. ஒரு கொறையும் இல்லையாம்."

"எங் கையி?"

"கேட்டேன். கம்பெனி ஆளுங்கள மட்டுந்தான் பாப்பாங்களாம்."

சண்டை போட நினைத்தேன். யாரோடு போடுவது? சேலையை மாற்றி மடித்து வைத்தேன்.

உள்ளே பையன் முனகிக்கொண்டு படுத்திருந்தான். பழக்கத்தில் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனேன். பிறகு கையை எடுத்துக்கொண்டு, குனிந்து கன்னத்தை வைத்தேன். சுட்டது.