பிளீச்சிங் பவுடரில் போட்ட வீடு

திருப்பத்தூருக்கு மேலே மலையில் இருக்கிற புதூர்நாட்டில், எங்கள் துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஒரு பாறை உண்டு. ஏறி நின்றால் செல்போனில் சிக்னல் வரும், இறங்கினால் போய்விடும். கிராம சுகாதார நர்ஸாக அந்த மலையில் வேலை பார்த்த வருடங்களில், சென்னையின் புறநகர்களை நான் அந்தப் பாறைமேல் உட்கார்ந்துதான் சுற்றிப் பார்த்தேன். வீடு விற்கிறவர்களின் பக்கங்களைத் திறந்தால் தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி, கூடுவாஞ்சேரி என்று ஊர் ஊராக வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சதுர அடி இன்ன விலை என்று போட்டிருக்கும்.

பார்க்கப் பார்க்க எனக்கு வாய் பிளந்துகொள்ளும். வேளச்சேரியில் ஒரு சதுர அடிக்குக் கேட்கிற காசில், கூடுவாஞ்சேரி தாண்டிப் போனால் ஏறக்குறைய இரண்டு சதுர அடி கிடைக்கும். அதே சிமெண்ட், அதே கம்பி, அதே வெயில். ரயில் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போனால் தரையின் விலை இறங்குகிறது. பக்கத்தில் ஒரு கம்பெனி வந்தால் ஏறுகிறது. ஜன்னலில் ஏரி தெரிந்தால் ஒரு விலை, அந்த ஏரியே மழைக்கு வீட்டுக்குள் வந்துவிட்டால் வேறு விலை. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஊர் முழுக்க நடந்து ஒவ்வொரு அடி மண்ணிடமும் போய் "நீ இவ்வளவு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனதுபோல இருக்கும். சினிமா பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிடித்ததற்குக் காரணமும் இருந்தது. என் கணவருக்கு ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் வேலை. பெருங்களத்தூரில் நண்பர்களோடு ஒரு அறையில் இருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில் வாழ்ந்ததில்லை. விடுமுறை கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துத் திருப்பத்தூர் வந்து, ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறுவார். சாப்பிட்டுக் கை காய்வதற்குள் கடைசி ஜீப் ஹாரன் அடிக்கும். எனக்குச் செங்கல்பட்டுப் பக்கம் மாறுதல் கிடைக்கும்போல இருந்ததும்தான் சொந்த வீடு என்ற பேச்சு வந்தது. கூடவே சண்டையும் வந்தது.

அவர் பெருங்களத்தூரில் ஐந்தாம் மாடியில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார். ஒரே படுக்கையறை. அதே காசுக்குக் கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் இரண்டு படுக்கையறை வரும் என்று நான் பாறைமேல் நின்று கத்தினேன்.

"அவ்ளோ தூரத்துல வாங்கினா நான் தூங்கறதுக்குத்தான் வூட்டுக்கு வருவேன். பாதி வாழ்க்க பஸ்ஸுலயே போய்டும்" என்றார்.

"அந்தப் புறாக்கூண்டுல நாலு சனம் வந்தா எங்க உக்காருவாங்க? ஒருத்தர் மடியில ஒருத்தரா?"

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்த ஃபிளாட் கை மாறிவிடும் என்று பில்டர் சொல்லியிருந்தார். "அதுதான் முடிவுன்னா எனக்கு மாறுதலே வேணாம்னு எழுதிக் குடுத்துட்றேன்" என்று சொல்லி போனை வைத்தேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நான் சொன்னால் செய்துவிடுகிற ஆள், அது அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஞாயிறு வருவாரா என்பதுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை உதித்தது. அந்தப் புறாக்கூண்டைத் தரையில் அப்படியே வரைந்து, அவர் வந்ததும் உள்ளே நிறுத்தி, மூக்கை உடைக்க வேண்டும். புளி எடுத்து முடிந்து, நெல் சாமை எதுவும் இல்லாமல் ஊர்க் களம் காலியாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "களம் சும்மாத்தான கீது, எடுத்துக்கோங்க" என்றாள். கர்ப்பிணிகளின் வயிறு அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டேன். கோடு போட பிளீச்சிங் பவுடர். அரசாங்கத்துச் சரக்கை இப்படிச் செலவு செய்யலாமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. செல்போனில் இருந்த பிளானைப் பார்த்துப் பார்த்து ஹால், சமையலறை, படுக்கையறை, குளியலறை எல்லாம் போட்டேன். வாசல் வருகிற இடத்தில் மட்டும் கோட்டில் இடைவெளி விட்டேன்.

வேலை முடிந்து வந்த சனங்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "இன்னா நர்சம்மா, வூடா?" என்றார் நாட்டாமை. "ஆமாங்க, வூடுதான்" என்றேன். அதற்குமேல் விளக்க அன்று எனக்குப் பொறுமை இல்லை. அக்கா வாசல் வழியாக உள்ளே போய், முதலில் இடதுபக்கம் சமையலறை, பிறகு ஒவ்வொரு அறையாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "சோறாக்க ஒண்ணு, படுக்க ஒண்ணு, குளிக்கிறதும் உள்ளயேவா! எம்மாம் பெரிய வூடு!" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே வியந்துதான் சொன்னாள். அவள் குடும்பம் முழுக்க ஒரே அறையில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன்.

காலையில் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். களத்தின் ஓரத்தில் மூங்கில் குவிந்திருந்தது. சீவித் துடைத்த பலா மரக் கால்கள், கூரைக்குக் குறுக்கே கட்டுகிற வரிச்சுக் குச்சிகள், கட்டுக்கட்டாகக் கூரைப்புல். என் பவுடர் கோட்டில் மட்டும் ஒரு துரும்பும் படவில்லை. இன்னும் ஆட்கள் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வீட்டுக்குத் தரையில் கோடு போட்டுவிட்டால், ஊரில் உள்ளவர்கள் அவரவர் கொல்லையில் இருப்பதைக் கொண்டுவந்து போடுவார்கள். கூப்பிடத் தேவையில்லை. யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்று பார்க்கிற பழக்கமும் இல்லை. கட்டி முடிக்கிறவரை வீட்டுக்காரர் சோறு போட்டால் போதும். ஒரு வீடு அப்படி எழும்பியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தும், கோடு போடும்போது அது நினைவுக்கு வரவில்லை. என் புத்தி முழுக்க அவர் மூக்கின் மேலேயே இருந்திருக்கிறது.

சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ ஊர்களின் சதுர அடி விலையை மனப்பாடமாக வைத்திருந்தவள் நான். எதிரே கிடந்ததற்கு விலை சொல்லத் தெரியாமல் அழுதேன்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. அவர் இறங்கினார். மூங்கில் குவியலைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "இன்னா இது?" என்றார். ஊரும் அவரும் ஒன்றாகக் கேட்கும்படி உண்மையைச் சொன்னேன். வீடு இங்கே இல்லை, சென்னைப் பக்கம், ஐந்தாம் மாடியில், இது வெறும் அளவு பார்க்கப் போட்ட கோடு என்று.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். நாட்டாமை மேலே அண்ணாந்து பார்த்தார்.

"அஞ்சாவது மாடின்னா, அடியில கீறதெல்லாம் யார் வூடு?"

"வேற வேற ஆளுங்க வூடு."

"ஒரே மண்ணுல அத்தினி பேரா? அந்த மண்ணு யார்து?"

"எல்லாருக்கும் பங்கு" என்றார் என் கணவர்.

"அடேங்கப்பா! பங்காளிச் சண்ட வராதா?" என்று அக்கா கன்னத்தில் கை வைத்தாள். அவர்கள் கண்ணில் இருந்ததைப் பார்த்துத்தான், வீட்டுமேல் வீடு அடுக்கி அந்தரத்தில் மனிதர்கள் தூங்குவது எவ்வளவு பெரிய அதிசயம் என்று எனக்கே தோன்றியது. பிறகு நாட்டாமை குவியலைக் காட்டிக் கேட்டார்: "செரி, இத அம்மாம் ஒசரம் எப்பிடி ஏத்தறது?"

வீட்டுக்கென்று இறக்கிய மரத்தைத் திரும்ப எடுத்துப் போகக் கூடாதாம். அதைப் பற்றி ஊர் கூடிப் பேச வேண்டியதாயிற்று. வெயில் ஏற, ஒவ்வொருவராகக் களத்துக்குள் வந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. சுற்றிக்கொண்டு போய், வாசல் இடைவெளி வழியாகவே உள்ளே நுழைந்து, ஹாலில் உட்கார்ந்தார்கள். கடைசியாக என் கணவரும் தோள் பையை இறக்கி வைத்துவிட்டு, சுற்றிப் போய் வாசல் வழியாக வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊரே அந்த ஹாலில் இருந்தது. இடித்துக்கொண்டுதான், ஆனால் யாரும் யார் மடியிலும் இல்லை. அவர் அதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம், சொல்லவில்லை. முழங்கையால் மெதுவாக என்னை இடித்தார்.

"பெருங்களத்தூரே இருக்கட்டும்" என்றேன்.

நாங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக உட்கார்ந்தது அந்தக் களத்தில்தான்.

மரத்தையெல்லாம் போட்டுத் துணை நிலையத்துக்கு முன்னால், தடுப்பூசிக்கு வருகிறவர்கள் நிற்க ஒரு கொட்டகை கட்டினார்கள். ஊருக்குச் சோறு நாங்கள் போட்டோம். ஒரே ஒரு மூங்கிலை மட்டும் நாட்டாமை தனியாக எடுத்து வைத்தார்.

பெருங்களத்தூரில் பால் காய்ச்சிய அன்று, மலையிலிருந்து வேன் நிறைய வந்தார்கள். வேன் தலைமேல் அந்த மூங்கில். லிஃப்டில் நுழையவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்த்து நிமிர்த்தி, மாடிப்படி வழியாகவே ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கீழ் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அக்கா எங்களுக்கு முன்னால் லிஃப்டில் ஏறி வந்துவிட்டாள். அதற்கு முன் சென்னையைப் பார்த்தே அறியாதவள். நான் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்ததும், சமையலறை எந்தப் பக்கம் என்று கேட்காமல், செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய் இடதுபக்கம் திரும்பினாள். நான் ஹாலில் நின்றுகொண்டிருக்கும்போதே, உள்ளே அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.