சில்வஸ்டர் தேடிய ஆள்

எங்கள் எஸ்டேட் ஆலயத்தில் பெரியவர்களுக்கான வேத வகுப்பு "நடத்துநரின் அலட்சியத்தால் நின்றுபோனது" என்று சபைக் கமிட்டியின் ஆண்டறிக்கை சொல்கிறது. அதன் பிரதி என்னிடம் இருக்கிறது. நடத்துநர் சில்வஸ்டர். அவர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

சிறுவயதில் இலங்கையிலிருந்து நீலகிரியின் பந்தலூருக்கு வந்த சில்வஸ்டர், தேயிலைத் தொழிற்சாலையில் அரைவை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர். போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சனங்களை ஆலயத்தில் கூட்டி வைத்திருந்தது அந்த வகுப்பே.

பச்சைத் தேயிலை விலை விழுந்த காலத்தில் தொழிற்சாலை மூடப்பட்டது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்கு இடம் கிடைத்தது. மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். பொறுப்பேற்க ஓர் ஆளைக் காட்டாமல் அவர் போனால் வகுப்பை மூடிவிடுவதாகக் கமிட்டி கூறியது.

காலையில் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு சில்வஸ்டர் போனார். வாசிக்கத் தெரிந்தவர்களைப் பேர் சொல்லி அழைத்து, வகுப்பை நடத்த முடியுமா என்று கேட்டார். எல்லாரும் "சரிங்க" என்றார்கள். கமிட்டியிடம் ஆள் கிடைத்துவிட்டதாகவே சொல்லிவிட்டார். ஞாயிறன்று ஒருவரும் முன்வரவில்லை.

கொழுந்தெடுக்கும் லோயிஸ்தான் காரணம் சொன்னாள்.

"பெரட்டுல நிறுத்திக் கேட்டா யாருங்கண்ணே முடியாதும்பாங்க? கங்காணி கேட்டாலும் சரிங்கதான், நீங்க கேட்டாலும் சரிங்கதான்."

"நீ சொல்லு. முடியுமா, முடியாதா?"

"எனக்கு மெதுவாத்தான் வாசிக்க வரும்."

"மெதுவாவே வாசி. ஒரு கேள்வி கேளு. அப்புறம் சும்மா இரு. அவங்க பேசுவாங்க."

"சும்மா இருக்கறதா? அதை எங்க வூட்டுக்காரரு கேட்டா சிரிப்பாரு."

அந்த ஞாயிறு அவள் வாசித்துக் கேள்வியும் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் பின் பெஞ்சிலிருந்த சில்வஸ்டரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து வெளியே போய் மழையில் நின்றார். நெடுநேரம் கழித்து உள்ளே யாரோ பேசத் தொடங்கினார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் சன்னல் வழியே கண்டேன்.

அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. தோட்டத்தில் வேலை பாதியாகக் குறைந்ததால், கேரள எல்லைக்கு அப்பால் இஞ்சிக் காட்டு வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போக ஜீப் வந்தது. ஞாயிறு வராதவர்களுக்கு மற்ற நாளும் இடமில்லை என்றான் ஜீப்காரன். லோயிஸ் ஏறினாள். வகுப்பில் பாதிப்பேர் ஏறினார்கள்.

சில்வஸ்டர் கமிட்டிச் செயலாளர் ஜஸ்டஸிடம் ஓடினார். வகுப்பை வேறு நாளுக்கு மாற்றித் தரும்படி கேட்டார். ஞாயிறு வகுப்பு ஞாயிறன்றுதான் நடக்கும் என்றார் ஜஸ்டஸ். ஜஸ்டஸ் மாதச் சம்பளம் வாங்குகிறவர்; ஜீப் ஏற வேண்டியதில்லை.

கடைசி ஞாயிறன்று, லோயிஸைக் கெஞ்சி இறக்கிவிடலாம் என்று சில்வஸ்டர் ஜீப்பில் தொற்றிக்கொண்டார். நானும் உள்ளே இருந்தேன். வண்டி திரும்பிய இடத்தில் லோயிஸ் பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து, குலுங்கக் குலுங்க நான்கு வசனம் வாசித்தாள். கேள்வி கேட்டாள். பிறகு சும்மா இருந்தாள். ஒரு கிழவர் பதில் சொன்னார். வேறொருத்தி அவரை மறுத்தாள்.

கெஞ்ச வந்த சில்வஸ்டர் கெஞ்சவில்லை. எல்லைச் சோதனைச் சாவடியில் இறங்கினார்.

"வகுப்பு ஜீப்புலயே நடக்குதுன்னு கமிட்டியில சொல்றேன்," என்றார்.

"சொல்லுங்க. ஒத்துக்க மாட்டாங்க," என்றாள் லோயிஸ். "அது கெடக்கட்டும். நாளைக்கு எனக்கு மேலுக்கு முடியலேன்னா யாருண்ணே கேள்வி கேக்கறது? அதுக்கு ஒரு ஆளை எப்படிப் பிடிக்கறதுன்னு சொல்லிக் குடுக்கலையே."

அதற்குள் ஜீப் நகர்ந்தது. அன்று மாலை அவர் சொன்னதைக் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவர் திருப்பூர் பஸ் ஏறினார்.